வலிப்பது கால், நசுங்குவது இடுப்பில்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறங்களில் முதுகு, மூட்டு வலிகளுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை அளித்து வருபவன் என்ற முறையில், முதுகுத்தண்டின் இடுப்புப் பகுதியில் நரம்பு நசுங்குவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என்னிடம் வருபவர்களில் பலர், நரம்பு புரண்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு கெண்டைக்காலைத்தான் காட்டுகிறார்கள். அதற்குள் ஒரு வாரமாவது அந்தக் காலுக்குத் தைலம் தேய்த்துச் சுளுக்கு வழித்திருப்பார்கள். நம் பேச்சு வழக்கில் இரத்தக்குழாய், தசைநாண், உணர்வைக் கடத்தும் நரம்பு எல்லாமே நரம்புதான். மலாய் மொழியின் ‘ஊராட்’ என்ற சொல்லும் அப்படியே. குழப்பத்தில் பாதி இங்கேயே தொடங்குகிறது என்பது என் எண்ணம். பிடித்துக்கொண்ட தசையை நீவி விடலாம். முதுகெலும்பருகே நசுங்கிய நரம்பைக் காலில் நீவி விடுவிக்க முடியாது.

இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றினிடையே மெத்தைபோல் அமைந்த தட்டுகளுக்கு வெளியே உறுதியான நார்வளையமும் உள்ளே கூழ் போன்ற பொருளும் உண்டு. வளையம் நைந்து விரிசல் விடும்போது, கூழ் பின்பக்கமாகப் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதோடு அங்கே அழற்சியையும் உண்டாக்குகிறது. பெரும்பாலும் இது 4ஆம், 5ஆம் எலும்புகளுக்கு இடையிலோ, 5ஆம் எலும்புக்குக் கீழேயோதான் நிகழ்கிறது. அங்கிருந்து புறப்படும் நரம்புகள் பிட்டத்தின் வழியாகப் பாதம்வரை இறங்குவதால், இடுப்பில் நேர்ந்த நசுக்கல் காலில் எரிச்சலாகவும் மரமரப்பாகவும் தெரிகிறது.

செம்பனைக் குலை ஏற்றுபவரைக் கவனித்துப் பாருங்கள். 20 கிலோ எடையுள்ள குலையைக் குனிந்து தூக்கி, பாதத்தை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் முறுக்கி வண்டிக்குள் வீசுகிறார். குனிதலும் முறுக்கலும் சுமையும் ஒரே நொடியில் சேரும் இந்த அசைவுதான் தட்டுக்கு ஆகாதது. குலையை உடலோடு ஒட்டிப் பிடித்து, ஓரடி எடுத்துவைத்து முழு உடலோடு திரும்பினால் பாரம் வெகுவாகக் குறையும். கூலி குலைக்கணக்கில் இருக்கும்போது அந்த ஓரடி எத்தனை சிரமம் என்பதையும் நான் அறியாதவனல்லன்.

முதியவர்களின் கதை வேறு. எலும்பும் தசைநாரும் தடித்து நரம்புப் பாதை குறுகுவதால், சந்தைக்குள் சற்றுத் தூரம் நடந்ததுமே கால்கள் கனக்கும். உட்கார்ந்தாலோ முன்னே குனிந்தாலோ தணியும். நடக்க முடியாதவர் சைக்கிளில் சிரமமின்றிப் போவது இதனால்தான். இரு பாதங்களும் காலுறை போட்டாற்போல் மரத்திருந்தால், அது நீரிழிவின் வேலையாகவும் இருக்கக்கூடும்.

தட்டுப் பிதுங்கியவர்களில் பெரும்பாலோர் 6 முதல் 12 வாரங்களுக்குள், அறுவைச் சிகிச்சையின்றியே தேறிவிடுகிறார்கள். பிதுங்கிய கூழை உடலே மெல்லக் கரைத்துக்கொள்வதும் உண்டு. ஓரிரு நாள்களுக்கு மேல் படுத்தே இருக்க வேண்டாம். வலி பொறுக்குமளவு வீட்டைச் சுற்றியாவது நடக்க வேண்டும். வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி நாள்கணக்கில் விழுங்குவது, குறிப்பாக நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு, ஆபத்து. எம்.ஆர்.ஐ. படத்துக்கும் அவசரப்பட வேண்டியதில்லை. வலியே இல்லாத பலருக்கும் படத்தில் பிதுக்கம் தெரியும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் சில அடிகளும் நுனிக்காலில் சில அடிகளும் நடந்து பாருங்கள். ஒரு கால் மட்டும் புதிதாகத் தளர்ந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால், சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, மலமோ சிறுநீரோ தன்னறியாமல் வெளியேறினாலோ, உட்காரும் இடமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போனாலோ, முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் இறங்கும் நரம்புக் கற்றை முழுவதுமே நசுங்கிக்கொண்டிருக்கலாம். கூச்சத்தால் வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திராமல், அந்த இரவிலேயே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், வலியைச் சொல்வதற்கு முன் சிறுநீர் நிலைமையை முதலில் சொல்லுங்கள்.