மொய் எழுதாமல் பந்தியில் உட்கார்ந்த கூட்டம்

நடுவர் அவர்களுக்கும், இந்தக் குன்னூர்க் குளிரிலும் ஸ்வெட்டர் மப்ளரோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். எதிரணிக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். உலகச் சமயங்களின் நடுவே கிறிஸ்தவம் இவ்வளவு செல்வாக்கோடு வளர்ந்தது மற்றவர்களுக்குக் கொடுத்ததாலா, மற்றவர்களிடம் பெற்றதாலா? நாங்கள் ‘பெற்றதால்’ என்ற அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அச்சுக்கூடம் என்று ஒரு பட்டியல் வாசித்தார். வாசித்துவிட்டுப் போகிற போக்கில் எங்களைப் பார்த்து, “இவங்க அணி கல்யாண வீட்ல மொய் எழுதாம பந்தியில உட்கார்ந்த கூட்டம்” என்றார். அதற்குக் கைதட்டல் வேறு. என் பக்கத்து நாற்காலிக்காரரே தட்டினார், அவர் எங்கள் அணி! நடுவர் அவர்களே, தலைப்பு எங்கேயும் ஓடிவிடாது. முதலில் இந்த மொய்க் கணக்கைத் தீர்த்துவிடுவோம்.

அக்கா, மொய் நோட்டில் யார் பெயர் இருக்கும்? கொடுத்தவர் பெயர். அந்த நோட்டு யார் வீட்டில் இருக்கும்? வாங்கியவர் வீட்டில்! கொடுத்தவன் மறந்துவிடலாம். வாங்கியவன் மறக்கக் கூடாது, திருப்பிச் செய்ய வேண்டுமே. அதனால் கிறிஸ்தவத்தின் வீட்டுக்குப் போய் நோட்டைப் புரட்டுவோம்.

முதல் பக்கத்திலேயே பெரிய தொகை. இயேசு யூதர். பழைய ஏற்பாடு யூதர்களின் வேதம். சங்கீதம் வாசிக்காத சர்ச் உண்டா? அதுவும் அங்கிருந்து வந்ததுதான். அடுத்த பக்கம் புத்தர். சிரிக்காதீர்கள். அரண்மனையை விட்டுத் துறவியான அந்த ராஜகுமாரன் கதை பாரசீகம், அரபு, ஜார்ஜியா என்று ஊர் ஊராகச் சுற்றி ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் புனித ஜோசபாத் ஆகியிருந்தார். நவம்பர் 27-ம் தேதிப் புனிதர் பட்டியலில் இடமே கொடுத்துவிட்டார்கள்! அதற்கடுத்த பக்கம் இஸ்லாம். அரிஸ்டாட்டிலுக்கு அரபியில் உரை எழுதியவர் இப்னு ருஷ்து என்ற முஸ்லிம் அறிஞர். அந்த உரை லத்தீனுக்கு வந்தது. கத்தோலிக்க இறையியலின் மலையான தாமஸ் அக்வினாஸ் அவரைப் பெயர் சொல்லாமல் ‘உரையாசிரியர்’ என்றே குறிப்பிடுவார், தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய இளம்பூரணரை நாம் சொல்வது போல.

அச்சுக்கூடத்துக்கு வருகிறேன். 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற கிறிஸ்தவப் புத்தகம் தமிழில் அச்சானது, 1706-ல், பின்னால் அச்சுக்கூடம் வைத்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் எதில் அச்சடித்தார்கள்? காகிதத்தில். சீனாக்காரன் கண்டுபிடித்து, அரபு தேசங்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்த காகிதம். அதையும் நோட்டில் ஏற்றுங்கள்.

சரி, சீனா எதற்கு, ஊட்டிக்கே போவோம். எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் டூரிஸ்ட் வேன் வைத்திருக்கிறான். வேனும் ஓட்டுவான், வரலாறும் ஓட்டுவான். புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குள் ஆட்களைக் கூட்டிப் போய் நிறுத்தி, “மேல பாருங்க சார், இந்த உத்திரமெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தானோட லால்பாக் அரண்மனையைப் பிரிச்சு எடுத்தது” என்பான். அதுவரை சரியான வரலாறு. அப்புறம் ஆரம்பிப்பான்.

மதுரையிலிருந்து வந்தவர்களிடம், “ரெண்டு யானை கட்டி இழுத்தாங்க சார்.” மதுரைக்காரர்களுக்கு யானை புதுசா? யாரும் அசையவில்லை. அடுத்து சென்னையிலிருந்து வந்த ஐடி பசங்க. “பத்து யானை சார்.” உடனே எல்லோரும் போனைத் தூக்கிப் போட்டோ எடுத்தார்கள். நம்மாளுக்குத் தெம்பு வந்துவிட்டது. அடுத்து மைசூர்க் குடும்பம். “நாப்பது யானை சார்! திப்பு சுல்தானே முன்னால நின்னு மரத்தை ஏத்தி அனுப்பினார்!”

அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: “தம்பி, திப்பு 1799-லயே இறந்துட்டாரே. இந்த சர்ச் எப்ப கட்டினது?”

பையன் திரும்பிக் கல்வெட்டைப் பார்க்கிறான். 1829-ல் அடிக்கல். மேலே உத்திரத்தைப் பார்க்கிறான். பெரியவரைப் பார்க்கிறான். ஒரு நொடிதான்.

“அதான் சார்... உயில்ல எழுதி வெச்சிருந்தார்!”

யானைக் கணக்கை விடுங்கள். உத்திரம் திப்புவுடையதுதான். ‘அது கொடுத்ததா, பிடுங்கியதுதானே’ என்று அக்கா முணுமுணுப்பது இங்கே வரை கேட்கிறது. ஆமாம் அக்கா, திப்பு விழுந்த பிறகு கும்பினிக்காரர்கள் பிடுங்கியதுதான், அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் பிடுங்கியது உங்கள் ‘கொடுத்த’ கணக்கில் வராதே! எங்கள் பக்கம்தான் வரும். ஒரு முஸ்லிம் மன்னர் வீட்டு மரத்தடியில் ஏறக்குறைய 200 வருடமாக ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடக்கிறது.

இன்னொன்று. இந்த நீலகிரிக்கு அந்தக் காலத்திலேயே ‘கொடுக்க’ வந்த ஒருவர் கதை தெரியுமா? 1603. ஃபெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார். மலை மேலே பழைய கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மலபார்ப் பக்கமிருந்து மூச்சு வாங்க ஏறினார். ஏறிப் பார்த்தால் தோடர்களும் எருமைகளும்! பெண்களுக்குக் கண்ணாடியும் நூலும் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். தோடர் குடியிருப்பான மந்தில் இன்றைக்கும் பால்மனைதான் கோயில். பின்னாளில் ஜி.யு. போப் வந்தார், ஊட்டியில் பள்ளிக்கூடம் நடத்தினார். 1886-ல் திருக்குறளையும், எண்பது வயதில், 1900-ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கொடுக்க வந்த மனிதர் மாணிக்கவாசகரை வாங்கிக்கொண்டார்!

மணி அடித்துவிட்டீர்களா நடுவரே? இருங்கள், மொய்க்கணக்கு இன்னும் முடியவில்லை.

என் அப்பா இறந்தது ஒரு ஐப்பசி மழையில். மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது, சொந்தபந்தமெல்லாம் மேட்டுப்பாளையத்தில் மாட்டிக்கொண்டார்கள். எஸ்டேட் லைன் வீடு. சாவு விழுந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். மத்தியானம் சர்ச்சிலிருந்து இரண்டு பேர் நனைந்துகொண்டே ஒரு பெரிய அண்டாவில் சோறும் ரசமும் தூக்கி வந்தார்கள். மூன்று நாளும் வந்தது.

அண்டாவைக் கழுவிக் கொடுக்கிற வேலை எனக்கு. சாம்பல் போட்டுத் தேய்க்கும்போது விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துத் தெரிந்தது. ‘உபயம்’ என்று போட்டு ஒரு பெயர். பார்த்தால், பஜாரில் பேக்கரி வைத்திருந்த பாய்! தன் அம்மா நினைவாகச் சர்ச்சுக்கு வாங்கிக் கொடுத்த அண்டா அது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அம்மா செய்முறை நோட்டை எடுத்துவரச் சொன்னார். யார் யார் என்ன செய்தார்கள் என்று வரிசையாக எழுதினேன். சோறு வந்ததும் பேனா நின்றுவிட்டது. “அம்மா, இதை சர்ச் பேர்ல எழுதறதா, பாய் பேர்ல எழுதறதா?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ரெண்டு பேரையும் எழுதுடா. என் காலத்துல தீராது, நீதான் செய்யணும்.”

அக்கா, அந்த நோட்டு இன்னும் என் வீட்டு பீரோவில் இருக்கிறது. எங்களைப் போய் மொய் எழுதாத கூட்டம் என்று சொல்லிவிட்டீர்களே.

நடுவர் அவர்களே, தீர்ப்பை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். அக்காவை அந்த ஒரு வார்த்தையை மட்டும் வாபஸ் வாங்கச் சொல்லுங்கள். வாங்கிவிட்டால் அவரும் எங்கள் அணி!

நன்றி, வணக்கம்.