பன்னிரண்டு வயதில் கதவைச் சாத்தாதீர்கள்

விழாத் தலைவர் அவர்களே, கால்பந்துச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, நாட்டுக்காக ஆடி இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த ஆட்டக்காரர்களே, பள்ளித் தலைமையாசிரியர்களே, உடற்கல்வி ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகளை வெயிலிலும் மழையிலும் மைதானத்துக்குக் கூட்டிவந்து காத்திருக்கும் தாய்மார்களே, தந்தையர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய கல்வி அதிகாரி அவர்கள் நேரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தி எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்துப் போயிருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. சங்கத் தலைவர் அவர்கள் வேறு அலுவலை ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே என் கோரிக்கையைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் அவசரம். மற்றபடி, நான் பேச வந்ததே அவசரத்துக்கு எதிராகத்தான்.

நம் பெரியவர்கள் சொன்னார்கள்: பதறாத காரியம் சிதறாது. தேசிய அணியை வலுவாக்குவது எப்படி என்று யார் என்னிடம் கேட்டாலும் நான் சொல்லும் பதில் இதுதான். மைதானம், பயிற்சியாளர், தேர்வு என்று மூன்றைப் பற்றிப் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். மூன்றையும் தொடுகிறேன்.

மைதானத்துக்கு ஐஸ்லாந்து ஒன்றே போதும். 2016இல் மூன்றரை லட்சம் பேர்கூட இல்லாத நாடு. வருடத்தில் பாதி நாள் பனியும் இருட்டும். 2000க்குப் பிறகு கூரை போட்ட, கதகதப்பான உள்ளரங்க மைதானங்களைக் கட்டினார்கள். பள்ளிக்கூடங்களை ஒட்டிச் சின்னச் சின்ன செயற்கைப் புல்தரைகள் போட்டார்கள். 2016 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பைப் போட்டியில், இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். 2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவோடு 1-1. அந்த ஆட்டத்தில் மெஸ்ஸியின் பெனால்டியைத் தடுத்த ஹால்டோர்சன் ஒரு சினிமா இயக்குநர். பயிற்சியாளர் ஹால்கிரிம்சன் ஒரு பல் மருத்துவர். இடம் கொடுத்தால் ஆட்டம் வரும். சரி, அது போதும்.

நான் மனதில் சுமந்துகொண்டு வந்தது மூன்றாவது விஷயம். தேர்வு.

பத்து வயதுப் பிள்ளைகளுக்கான தேர்வு முகாம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் நிற்கிறார்கள். இடையில் பதினொரு மாதம். பெரியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. பத்து வயதில் அது வாழ்நாளில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு! ஜனவரிப் பிள்ளை உயரமாக இருப்பான், வேகமாக ஓடுவான், தோளால் இடித்துப் பந்தைப் பறிப்பான். தேர்வாளர் அவன் பெயரைக் குறித்துக்கொள்வார். அப்புறம் என்ன? அவனுக்கு நல்ல பயிற்சியாளர், நல்ல எதிரணி, அதிக ஆட்டம். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் அவன் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறான். "பார்த்தீர்களா, நான் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேன்" என்கிறார் தேர்வாளர். டிசம்பர்ப் பிள்ளை அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டான். நாடுவாரியாக, கிளப்வாரியாக இதை ஆராய்ந்துவிட்டார்கள். இளையோர் அணிப் பட்டியல்களில் வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்து கிடக்கிறார்கள், கடைசி மூன்று மாதக்காரர்கள் அரிதாகத் தெரிகிறார்கள். திறமை ஜனவரியில் மட்டுமா பிறக்கிறது?

இதற்கு மேல் பருவ வளர்ச்சி வேறு இருக்கிறது. ஒரே நாளில் பிறந்த இரண்டு பதின்மூன்று வயதுப் பையன்களில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் குழந்தை முகத்தோடு நிற்பான். உடல் வளர்ச்சியில் மூன்று நான்கு வருட வித்தியாசம்கூட வரும். அந்த நிலையில் யார் சிறந்த ஆட்டக்காரன் என்று முடிவு கட்டுவது தேர்வே அல்ல, உயரம் அளப்பது.

இங்கிலாந்து ஆட்டக்காரர் ஹாரி கேன் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன், பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். கேன் பிறந்தது 1993 ஜூலை 28. இங்கிலாந்தில் வயதுக் கணக்கு செப்டம்பர் 1இல் தொடங்குகிறது. அதாவது தன் பிரிவிலேயே கடைக்குட்டிகளில் ஒருவன். எட்டு வயதில் ஆர்சனல் கிளப்பின் பயிற்சி அகாடமியில் சேர்த்தார்கள். ஒரே பருவம்தான், வெளியே அனுப்பிவிட்டார்கள். கொஞ்சம் குண்டாக இருந்தான், விளையாட்டு உடம்பாக இல்லை என்று அந்த அகாடமியின் பொறுப்பாளரே பின்னாளில் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து! அப்பா பையனைத் திட்டவில்லை. இன்னும் உழைப்போம், வேறு கிளப் தேடுவோம் என்றார். பழைய உள்ளூர் அணிக்கே திரும்பிப் போனான். பதினொரு வயதில் டாட்டன்ஹாம் எடுத்துக்கொண்டது. அங்கேயும் உடனே மின்னவில்லை. லெய்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என்று வேறு கிளப்புகளுக்குத் தற்காலிகமாக, கடனுக்குக் கடனாக அனுப்பினார்கள். 2013இல் லெஸ்டரின் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் அவன் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. அதே பெஞ்சில் இருப்பவர் யார் தெரியுமா? ஜேமி வார்டி. வார்டியும் அப்படித்தான். உயரம் போதாது என்று ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் பதின்ம வயதில் கழற்றிவிட்ட பையன். தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கீழ்மட்ட லீக்கில் ஆடியவர்.

யாரும் ஆட விடாத அந்த இரண்டு பேரும் மூன்றே வருடத்தில் என்ன செய்தார்கள்? 2015-16 பிரீமியர் லீக்கில் அதிக கோல் அடித்தவர் கேன், 25. வார்டி 24 அடித்து லெஸ்டரைச் சாம்பியன் ஆக்கினார். கேன் இங்கிலாந்துக்காக முதல் ஆட்டத்தில் மாற்றாக இறங்கி 80 விநாடிக்குள் கோல் போட்டார். 2018 உலகக் கோப்பையில் ஆறு கோலோடு, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி. 2023 மார்ச்சில் ரூனியின் 53 கோல் சாதனையைத் தாண்டி இங்கிலாந்தின் எல்லாக் காலத்துக்கும் முதல் கோல்காரர் ஆனார். எட்டு வயதில் 'விளையாட்டு உடம்பு இல்லை' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை!

அந்த அப்பா அன்று மனம் உடைந்து பையனை வீட்டோடு நிறுத்தியிருந்தால் இங்கிலாந்து ஒரு கேப்டனை இழந்திருக்கும். இழந்தது அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. என் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான், ஐயா. கேன் தப்பித்தார், பெயர் தெரிகிறது. தப்பிக்காதவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கேன் மட்டுமில்லை. குரோஷியாவின் லூகா மோட்ரிச்சை மெலிந்த உடம்பு என்று ஹைடுக் ஸ்ப்ளிட் திருப்பி அனுப்பியது. 2018இல் அவர் கையில் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டி'ஓர் விருது. பிரான்சில் கிளப் கிளப்பாக உயரம் போதாது என்று தட்டிக்கழித்த கிரீஸ்மன், ஸ்பெயினுக்குப் போய் வளர்ந்து, அதே 2018இல் பிரான்சுக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். பதறாத காரியம் சிதறாது என்றால் சிரிக்கிறார்கள். சிதறிப்போன பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வராது.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் காலை அமர்வில் சொன்னார். அவர் அனுபவத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் முளையில் தெரிவது பந்தின் மேல் உள்ள ஆசையும் அதைத் தொடும் பக்குவமும்தான். உயரமும் வேகமும் அல்ல.

பெல்ஜியம் இதைப் புரிந்துகொண்டது. 2000இல் யூரோ போட்டியைத் தாங்களே கூட்டாக நடத்தி, முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். தொழில்நுட்ப இயக்குநர் மிஷெல் சப்லோன் சிறுவர் ஆட்டங்களைப் படம் பிடித்து ஆராயச் சொன்னார். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை அரை மணி நேரத்தில் பந்தைச் சராசரியாக இரண்டே முறைதான் தொடுகிறது என்று தெரிந்தது. இரண்டு தொடுதலில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? இரண்டுக்கு இரண்டு, ஐந்துக்கு ஐந்து, எட்டுக்கு எட்டு என்று படிப்படியாக ஆட வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் புள்ளிப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். கிளப்புகள் கோபப்பட்டன, பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் அசையவில்லை. அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தார்கள். உடல் தாமதமாக வளரும் பிள்ளைகளுக்காக 'எதிர்கால அணி' என்று இரண்டாவது இளையோர் தேசிய அணியே வைத்தார்கள். கெவின் டி பிரய்ன அந்த வழியில் போனவர். 2007இல் உலகத் தரவரிசையில் 71ஆம் இடத்தில் கிடந்த நாடு 2015 நவம்பரில் முதலிடம். 2018இல் உலகக் கோப்பையில் மூன்றாவது.

ஜப்பானின் மிதோமா, தன் கிளப் தொழில்முறை ஒப்பந்தம் கொடுக்க முன்வந்தும், இன்னும் தயாராகவில்லை என்று பல்கலைக்கழகத்துக்குப் போனார். பந்தைக் காலோடு ஒட்டிக் கடத்திப்போகும் டிரிபிளிங் பற்றியே ஆய்வு எழுதினார். 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினை வீழ்த்திய ஆட்டத்தில் கோட்டோரத்திலிருந்து வெற்றிக் கோலுக்கான பந்தை மீட்டுக் கொடுத்தது அவர் கால்தான். அப்படிக் காத்திருக்கும் பிள்ளைக்கும் நம் அமைப்பில் ஒரு வழி இருக்க வேண்டாமா?

பயிற்சியாளர்களைப் பற்றிப் பேச நேரம் இல்லை என்று செயலாளர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். இருக்கும் சிறந்த பயிற்சியாளரைப் பெரியவர்கள் அணிக்குக் கொடுக்காமல் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், நல்ல சம்பளமும் கொடுங்கள். மீதியை இன்னொரு மேடையில் பேசுகிறேன்.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். பதினான்கு வயது வரை பொதுப் பயிற்சி மையங்களிலிருந்து எந்தப் பிள்ளையையும் நீக்கக் கூடாது. பன்னிரண்டு வயது வரை புள்ளிப் பட்டியல், கோப்பை இரண்டும் வேண்டாம். ஆட்டம் மட்டும் நடக்கட்டும், எல்லாப் பிள்ளைக்கும் சம நேரம் கிடைக்கட்டும். பதினைந்து வயதுத் தேசியத் தேர்வில் தாமதமாக வளர்பவர்களுக்கென்று இரண்டாவது அணி வேண்டும். ஒவ்வொரு தேர்வுப் பட்டியலோடும் பிறந்த மாதவாரியாக எத்தனை பேர் என்ற கணக்கை வெளியிட வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குக் காசே செலவில்லை. அடுத்த தேர்விலேயே தொடங்கலாம். ஐந்து வருடத்தில் கோப்பை வருமா என்று கேட்காதீர்கள். பெல்ஜியத்துக்குப் பதினைந்து வருடம் ஆயிற்று. பதறாத காரியம் சிதறாது.

இந்த நான்கையும் தீர்மானமாக எழுதித் தலைவர் அவர்களிடம் இப்போதே கொடுக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துத் தாள்கள் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன. பெற்றோர்கள் பெயருக்குப் பக்கத்தில் பிள்ளையின் பிறந்த மாதத்தையும் எழுதிவிட்டுப் போங்கள், கணக்கை நாமே தொடங்கிவிடலாம். வாய்ப்பளித்த சங்கத்துக்கும் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்.