நிற்கும் காரும் ஓடும் சைக்கிளும்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரு அல்சூரில் நான் குடியிருக்கும் சந்தில், 2007இல் பதிவான என் சிறிய பெட்ரோல் கார் நிற்கிறது. இரண்டு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. அலுவலகத்துக்கு, கப்பன் பூங்கா வரை, நான் சைக்கிளில்தான் போகிறேன். அப்படியானால் காரை விற்றுவிடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சைக்கிளில் போவதால்தான் அந்தக் கார் இன்னும் நன்றாக இருக்கிறது.

பழைய எஞ்சினை நெடுந்தூரம் கெடுப்பதில்லை, குறுந்தூரமே கெடுக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருக்கும். எல்லா இடத்துக்கும் பரவச் சற்று நேரமாகும். பெட்ரோல் எரியும்போது நீரும் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகிவிடும். நான்கைந்து கிலோமீட்டரிலேயே நிறுத்திவிட்டால் ஈரம் சைலன்சரில் தங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். ஸ்டார்ட் செய்யும்போது இழந்த மின்சாரத்தைப் பேட்டரி திரும்பப் பெறவும் அவகாசமில்லை. டிரினிட்டி சந்திப்பு நெரிசலில் கிளட்ச் படும் பாடு தனி. என் காலைப் பயணம் முழுவதும் இப்படிப்பட்டதுதான். அதைச் சைக்கிள் ஏற்றுக்கொண்டது.

சைக்கிளுக்கு மாறிய முதல் மழைக்காலத்தில் ஏழு வாரம் காரைத் தொடவே இல்லை, பாதுகாப்பதாக நினைத்தேன். அம்மாவுக்கு உடல்நலமில்லை என்று திருப்பத்தூரிலிருந்து செய்தி வந்த இரவு சாவியைத் திருப்பினேன். பேட்டரியில் உயிரில்லை. டயர்களில் காற்று இறங்கியிருந்தது. பஸ் பிடித்துப் போனேன். ஓசூர் தாண்டியும் மனம் ஆறவில்லை.

அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறு அதிகாலையும், ஹெப்பாலைக் கடந்து தேவனஹள்ளி சாலையில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டி வருகிறேன். மாதம் ஒருமுறை கிருஷ்ணகிரி வழியாக அம்மாவைப் பார்க்கப் போகிறேன். எஞ்சினுக்கு அதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியவில்லை.

குறைவாக ஓடும் பழைய காருக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. ரப்பர் ஓடாமலே மூப்படையும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. டயரின் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் மேடுகள், தேயாமல் இருந்தாலும் அந்த எண்ணைக் குனிந்து பாருங்கள். எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்டும் அப்படியே. அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். ஜே.சி. ரோட்டில் புதிய பெல்ட் வாங்கி, சிவாஜிநகரிலுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்தேன். கழற்றிய பெல்டை மடக்கிக் காட்டினார், எங்கும் வெடிப்பு. “ஓடித் தேய்ந்ததில்லை சார், காய்ந்து வெடித்தது,” என்றார்.

பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022இல் செய்தேன்; அடுத்தது 2027. அதற்குள் சைலன்சரை மாற்ற வேண்டும். அதற்கு முன்பே சைக்கிளுக்குப் புதிய செயின் வேண்டும். அல்சூரிலிருந்து மேட்டில் ஏறும்போது இரண்டு நாளாக நழுவுகிறது. வணக்கம்.