தும்பைப் பிடிக்க ஒரு நிதியம்: டர்பன் தமிழ்ச் சங்க ஆண்டு விழாச் சொற்பொழிவு

அவைத்தலைவர் ஐயா அவர்களே, மாதர் சங்கச் செயலாளர் அம்மா அவர்களே, சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்திருக்கும் கோயில் அறங்காவலர்களே, தமிழ் வகுப்பு ஆசிரியைகளே! மேடையில் இன்னும் மூவர் இருக்கிறார்கள். விட்டால் கோபித்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் வணக்கம்.

அணுக்கழிவை எப்படி வைப்பது, எப்படிக் கொண்டுபோவது, எப்படி ஆழத்தில் புதைப்பது, யார் பணம் கொடுப்பது என்று நான்கு செய்தி சொல்ல வந்தேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்பார்கள் நம் பெரியவர்கள். நான்குக்கும் அதுதான் சுருக்கம்.

நம் தென்னாப்பிரிக்காவின் கூபெர்க் அணுமின் நிலையத்தில் இரண்டு உலைகள். உலைக்கு 157 எரிபொருள் கட்டுகள், அதாவது யுரேனியக் கம்பிக் கட்டுகள். எரிந்து தீர்ந்த கட்டை முதலில் நீர்த்தொட்டியில் பல ஆண்டுகள் ஆறவிடுகிறார்கள். ஆறியதும் நீருக்கடியிலேயே கனத்த உலோகக் கலனில் ஏற்றி, நீரை வடித்து, வெற்றிடத்தில் உலர்த்தி, ஹீலியம் நிரப்பி மூடுகிறார்கள். உலர்த்துவதில் அவசரப்பட்டால் ஆபத்து: தங்கிய ஈரத்தைக் கதிர்வீச்சு பிளந்து ஹைட்ரஜனாக்கும், எரிபொருளைச் சுற்றிய உலோக உறையும் ஈரத்தால் அரிபடும். இரட்டை மூடிக் கலனில் இரண்டு மூடிகளுக்கும் இடையே உள்ள வாயு அழுத்தத்தை விடாமல் கண்காணிப்பார்கள். அது மாறினால் ஏதோ ஒரு மூடியின் அடைப்பு கசிகிறது என்று பொருள்.

வட கேப் மாகாணத்தில் உள்ள ஃபால்புட்ஸ் என்ற கழிவுப் புதைப்பிடத்துக்கு 1986 முதல் போவது குறைந்த, இடைநிலைக் கதிரியக்கக் கழிவு மட்டுமே. கையுறை, வடிகட்டி போன்றவை இரும்புப் பீப்பாயிலும், அதைவிட வீரியமானவை கான்கிரீட் கலனிலும் என்7 சாலை வழியே போகின்றன. லாரியிலிருந்து 2 மீட்டர் தள்ளிக் கதிர்வீச்சு அளவு மணிக்கு 0.1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. எரிபொருள் கலனுக்கு வேறு சோதனை: 9 மீட்டர் உயரத்திலிருந்து போடுவது, குத்துக்கம்பி மேல் போடுவது, 800 டிகிரி நெருப்பில் 30 நிமிடம் வைப்பது.

இத்தனை கட்டுக்காவலும் ஒருவர் பொறுப்பில் இருக்கும்வரைதான். 1987, பிரேசில் நாட்டுக் கோயானியா நகரம். இடம் மாறிப்போன மருத்துவமனை ஒன்று புற்றுநோய்க் கதிர்க்கருவியைப் பழைய கட்டடத்திலேயே விட்டுப்போனது. வழக்கு, இழுபறி, காவல் இல்லை. பழைய இரும்பு பொறுக்கும் இருவர் அதைக் கழற்றிக் காயலான் கடையில் விற்றார்கள். உள்ளே சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். இருட்டில் நீலமாக ஒளிவிட்டதும் கடைக்காரர் மகிழ்ந்துபோய் உறவுக்காரர்களுக்குப் பங்கு வைத்தார், ஐயா! ஆறு வயதுக் குழந்தை தூள் ஒட்டிய கையோடு சாப்பிட்டது. வீட்டில் எல்லாரும் வாந்தி எடுப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர் கடைக்காரர் மனைவிதான். அந்தச் சனியனைப் பையில் போட்டுப் பேருந்தில் ஏற்றிச் சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஊர் தப்பியது, அந்தப் பெண்மணியும் குழந்தையும் பிழைக்கவில்லை. நான்கு பேர் இறந்தார்கள். நூறு கிராமுக்கும் குறைவான சீசியம் உப்பு, அது பட்ட மண்ணும் பொருளும் சேர்ந்து, சுமார் 3,500 கனமீட்டர் கழிவாயிற்று. தும்பை விட்டார்கள், வாலைப் பிடித்தார்கள்!

அதனால்தான் எந்த மேடையிலும் நான் கழிவுச் செலவுக்கான நிதியத்தைப் பற்றியே பேசுகிறேன். கழிவை உண்டாக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 2005-லேயே அரசின் கொள்கை சொல்லிவிட்டது. அந்தப் பணம் மின்நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் வெறும் எண்ணாக இருந்தால் போதாது. கடன்காரரோ அமைச்சரோ தொட முடியாத தனி நிதியமாக, சட்டத்தின் காவலில் இருக்க வேண்டும். கூபெர்க் முதல் உலையின் உரிமம் 2044 வரை நீண்டாயிற்று. கழிவு நிதிச் சட்டம் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது.

ஆழத்தில் புதைப்பதற்கு இன்று நேரமில்லை; தலைவர் மணி அடித்துவிட்டார். நாடாளுமன்ற எரிசக்திக் குழுவுக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு ஊர்ப் பெயரையும் தெளிவாக எழுதுங்கள். பேனா இல்லாதவர்கள் ஆசிரியைகளிடம் கேளுங்கள்.