படம் நம்மிடம் எதை மறைக்கிறது?

(கல்லூரித் திரைப்பட மன்றக் கூட்டத்தில் மாணவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும், நண்பர்களுக்கும், உட்கார இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

"சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றி மனதில் பட்டதைப் பேசு, ஆராய்ச்சிக் கட்டுரை மாதிரி வேண்டாம்" என்று மன்றத்தில் சொன்னார்கள். அப்படியே பேசுகிறேன். ஆனால் எந்தப் படத்துக்கும் நட்சத்திரம் போடப் போவதில்லை. ஐந்துக்கு மூன்று என்று ஒருவர் சொன்னால், அவருக்கு அந்தப் படத்தில் எது பிடித்தது, எது உறுத்தியது என்று எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். ஒரு படம் நம்மிடம் எதை மறைக்கிறது? யாருடைய நன்மைக்காக மறைக்கிறது? இதைப் பேசவேண்டும் என்றால் முடிவுகளையும் சொல்லியாக வேண்டும். படம் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'மகாராஜா'. 2024 ஜூனில் வந்த, நித்திலன் சாமிநாதன் இயக்கிய படம். இங்கே கைதூக்கச் சொன்னால் பெரும்பாலும் எல்லாருமே பார்த்திருப்பீர்கள். விஜய் சேதுபதி காவல் நிலையத்துக்குப் போய் 'லட்சுமி'யைக் காணோம் என்று புகார் கொடுக்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத்தொட்டி. போலீஸ்காரர்களும் சிரிக்கிறார்கள், நாமும் சிரிக்கிறோம். இன்னொரு பக்கம் அனுராக் காஷ்யப் நடித்த செல்வத்தின் கதை ஓடுகிறது. ஒரு காட்சியில் இவரைக் காட்டிவிட்டு அடுத்த காட்சியில் அவரைக் காட்டினால், இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதாகத்தான் நம் மனம் எடுத்துக்கொள்ளும். நூறு வருஷத்துக்கும் மேலாக சினிமா நம்மைப் பழக்கிவைத்த பழக்கம் அது. 'மகாராஜா' அந்தப் பழக்கத்தின் மேல்தான் தன் கதையைக் கட்டியிருக்கிறது. இரண்டு கதைகளுக்கும் நடுவே பல வருஷ இடைவெளி இருக்கிறது என்பது பாதிக்கு மேல்தான் தெரிகிறது. திரைக்கதையாகப் பார்த்தால் அபாரமான வேலை. ஒரு பொய்கூடச் சொல்லாமல் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வைக்கிறார்கள். அதை ரசித்தேன் என்று தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆனால் என்ன மறைக்கப்பட்டது என்று யோசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. மறைக்கப்பட்டது ஒரு பெண் குழந்தைக்கு நடந்த வன்கொடுமை. கதாநாயகன் மகளாக வளர்க்கும் அந்த ஜோதி, படத்தின் பெரும்பகுதிக்கு நம் கண்ணில் படுவதே இல்லை. அவளுக்கு நடந்ததைக் கடைசி அதிர்ச்சிக்காகப் பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறார்கள். உண்மை வெளிவரும் நொடியில் நாம் யாருடைய முகத்தைப் பார்க்கிறோம்? அவள் யாருடைய மகள் என்று தெரிந்து நொறுங்கும் ஆணின், செல்வத்தின் முகத்தை. அவள் வலி இன்னொருவனுக்குத் தண்டனையாக மாறுகிறது. இறுதியில் ஜோதி அவன் எதிரே வந்து நேருக்கு நேர் நிற்கும் காட்சி இருக்கிறது, அதை எழுதியவருக்கு என் மரியாதை. அந்தக் காட்சி இல்லாமல் இருந்திருந்தால் எனக்குப் படத்தின் மேல் கோபம் மட்டுமே மிஞ்சியிருக்கும். இருந்தாலும், ஒரு ட்விஸ்ட்டின் திருகாணியாக ஒரு குழந்தையின் துயரத்தை வைக்கலாமா என்று நாம் கேட்டே ஆகவேண்டும். "படம் நல்லா இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். படம் நன்றாக இருப்பதால்தான் கேட்கிறேன். மோசமான படத்திடம் இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றாது.

இதற்கு நேர் எதிரே நிற்பது 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. அதே 2024, மலையாளப் படம், இயக்கம் சிதம்பரம். கொடைக்கானல் குணா குகைக் குழியில் விழுந்த நண்பனை இன்னொரு நண்பன் இறங்கி மீட்ட கதை, 2006இல் உண்மையாக நடந்தது. அவன் பிழைத்துவிட்டான் என்று தெரிந்துகொண்டேதான் திரையரங்குக்குள் போனோம். மறைக்க அந்தப் படத்திடம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் கைப்பிடியை விடவே இல்லை. தொடக்கத்தில் ஒரு கயிறு இழுக்கும் போட்டி வருமே, நினைவிருக்கிறதா? அப்போது அது வெறும் கலாட்டாவாகத் தெரியும். குகை வாயிலில் மழைக்கும் சேற்றுக்கும் நடுவே அதே கூட்டம் கயிற்றைப் பிடித்து இழுக்கும்போதுதான், அந்தப் போட்டி எதற்காக வந்தது என்று உடம்புக்குப் புரிகிறது. திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் இதைத்தான் விளக்கினார். மேஜைக்கடியில் இருக்கும் வெடிகுண்டு திடீரென்று வெடித்தால் பார்வையாளருக்குச் சில விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்பே அவருக்குச் சொல்லிவிட்டால் பல நிமிடப் பதைபதைப்பு. ஸ்பாய்லர் சொல்லிவிட்டார்கள் என்று நண்பர்களோடு பேச்சையே முறித்துக்கொள்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முடிவு தெரிந்தவுடன் செத்துப்போகிற படம் என்றால், அதில் முடிவைத் தவிர வேறு என்ன இருந்தது?

மறைப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குப் பிடித்த படங்கள் எல்லாமே எதையோ மறைப்பவைதான். சிட்னி லூமெட்டின் 'டுவெல்வ் ஆங்க்ரி மென்', 1957இல் வந்தது, 96 நிமிடப் படம். அப்பாவைக் கொன்றதாக ஒரு பையன் மேல் வழக்கு. பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறைக்குள் உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். கொலையைப் படம் காட்டுவதே இல்லை, ஒரு ஃபிளாஷ்பேக்கூடக் கிடையாது. அவன் கொன்றானா இல்லையா என்பது படம் முடிந்த பிறகும் தெரியாது. ஜூரிகளுக்குத் தெரியாத எதுவும் நமக்கும் தெரியக்கூடாது என்பதில் அவ்வளவு கறாராக இருக்கிறது அந்தப் படம். நேரம் ஆக ஆகக் கேமராவைக் கண் மட்டத்துக்கு மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே போனதாக லூமெட் எழுதியிருக்கிறார். கடைசியில் அறையின் கூரை கண்ணில் படும்போது நமக்கும் மூச்சு முட்டுகிறது. உண்மையை நம் கையில் கொடுத்திருந்தால் அந்த மூச்சுமுட்டல் வந்திருக்காது. தெரியாமலே ஒரு முடிவெடுக்கும் பாரத்தை நமக்கும் பங்கு வைத்துக் கொடுக்கிறது படம்.

'மெய்யழகன்' மறைப்பது ஒரு பெயர். அவ்வளவுதான். பிரேம்குமாரின் படம், 2024 செப்டம்பரில் வந்தது. அரவிந்த்சாமி நடித்த அருள், பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகச் சொந்த ஊருக்கு வருகிறார். கார்த்தி நடித்த உறவுக்காரர் "அத்தான், அத்தான்" என்று உயிரை விடுகிறார். அருளுக்கு அவர் யார் என்றே நினைவில்லை. கேட்கவும் முடியவில்லை. நமக்கும் தெரியாது. அதனால் அந்த இரவு முழுவதும் நாம் அருளோடு சேர்ந்தே கூசிக்கொண்டிருக்கிறோம். 'மகாராஜா'வில் நமக்குத் தெரியாதது கதாநாயகனுக்குத் தெரியும், அவனும் படமும் சேர்ந்துகொண்டு நம்மிடம் மறைக்கிறார்கள். 'மெய்யழக'னில் நாமும் அருளும் ஒரே இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நீளம் அதிகம் என்று பேச்சு எழுந்து, வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன்னைக் கொண்டாடும் ஒருவரின் பெயர் தெரியாமல் விழிக்கும் கூச்சம் பத்து நிமிடத்தில் வருவதல்ல. அன்பு கூடக் கூடத்தான் அந்தக் கூச்சமும் கூடும். அதற்கு நேரம் வேண்டும்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் இரண்டு படங்களுக்கு வருகிறேன். இரண்டுமே பி.எஸ். வினோத்ராஜ் இயக்கியவை.

'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்ட் 23 அன்று, மாரி செல்வராஜின் 'வாழை' வந்த அதே நாளில் வெளியானது. பின்னணி இசையே இல்லாத படம். வேற்றுச் சாதிப் பையனை விரும்பிய மீனாவை, பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, ஒரு குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலும் சாமியாடி ஒருவரிடம் கூட்டிப்போகிறது. அன்னா பென் நடித்த மீனா ஏறக்குறைய படம் முழுவதும் பேசுவதே இல்லை. அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை, சூரி நடித்த பாண்டிக்குத் தொண்டை கட்டிக் குரல் கரகரத்துக் கிடக்கிறது. கத்த நினைக்கிறவனுக்குக் குரல் வரவில்லை, குரல் இருக்கிறவள் வாயைத் திறக்க மறுக்கிறாள். இதை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கவனித்தேன், புல்லரித்துவிட்டது.

வழியில் ஒரு பாட்டு காதில் விழ, மீனா லேசாக அதை முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அதற்குப் பாண்டி அவளையும், தடுக்க வந்த வீட்டுப் பெண்களையும் போட்டு அடிக்கிறான். அந்த இடத்தில் ஒரு வயலின் வந்திருந்தால் நமக்கு அழுதுவிட வசதியாக இருந்திருக்கும். அழுதால் மனம் லேசாகிவிடும். வினோத்ராஜ் அந்த வசதியைத் தரவில்லை. அடி விழும் சத்தம், பெண்களின் கூச்சல், வண்டிகள், வெட்டவெளி. நாம் என்ன உணரவேண்டும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. நான் பார்த்த திரையரங்கில் இரண்டு பேர் சிரித்தார்கள், பலர் நெளிந்தார்கள், எனக்கு முன் வரிசையில் இருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இசை இருந்திருந்தால் அத்தனை பேரும் ஒரே மாதிரி உணர்ந்திருப்போம்.

வழியை ஒரு காளை மறித்து நிற்கும் காட்சி இன்னொன்று. இத்தனை வீராப்பாகக் கிளம்பிவந்த ஆண்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். யாரும் அதற்கு விளக்கம் சொல்வதில்லை. முடிவையும் படம் சொல்வதில்லை. சாமியாடி இன்னொரு பெண்ணுக்குச் செய்வதைப் பார்த்துப் பாண்டி அரண்டு நிற்கிறான். மீனாவை அவனிடம் ஒப்படைத்தானா, திரும்பினானா என்று காட்டாமலே படம் முடிகிறது. "முடிவே இல்லையேப்பா" என்று என்னோடு வந்த நண்பன் சண்டைக்கு வந்தான். அந்த இடத்தில் பாண்டியைத் திருந்த வைத்திருந்தால், திருந்திவிட்டானே என்று நிம்மதியாக நாங்கள் வீட்டுக்குப் போயிருப்போம். மீனாவை மறந்திருப்போம்.

'கூழாங்கல்' அவருடைய முதல் படம். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மனைவியை அழைத்துவர, குடிகாரக் கணவன் பள்ளிக்கூடத்திலிருந்து மகன் வேலுவை இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். போய்ச் சேர்ந்தால், அவள் ஏற்கனவே கிளம்பிப் போய்விட்டாள் என்கிறார்கள். அடிதடி. திரும்பிப்போக வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். அப்புறம் கொளுத்தும் வெயிலில் அப்பனும் மகனும் நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தின் கடந்தகாலத்தைப் படம் நமக்குச் சொல்வதில்லை. இதற்கு முன் எத்தனை சண்டை நடந்தது, அந்தப் பையன் என்னென்ன பட்டான், எதுவும் தெரியாது. நடக்கும் வழியில் தாகம் தெரியாமல் இருக்க வேலு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பி முன்னால் போகும் அப்பனின் முதுகில் அடிக்கிறான். அந்தக் கோபத்தை வேறு எப்படிக் காட்டியிருக்க முடியும், சொல்லுங்கள்? கடைசியில் வீடு வந்து சேர்கிறான். வாயில் இருந்த கல்லை எடுத்து ஓர் இடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கனவே கற்கள் குவிந்து கிடக்கின்றன.

நண்பர்களே, நான் பார்த்த எந்த ஃபிளாஷ்பேக்கும் இந்த ஒரு ஷாட்டுக்கு ஈடாகாது. எத்தனை முறை அம்மா கோபித்துப் போனாள், எத்தனை முறை இந்தப் பிள்ளை வெயிலில் நடந்தான் என்பதற்குக் கணக்கு அங்கே கிடக்கிறது. ஒரு வசனம் இல்லை. யாரும் அந்தக் குவியலைச் சுட்டிக்காட்டுவதில்லை. கவனிக்காதவருக்கு அது வெறும் கல். கவனித்தவருக்கு ஒரு பிள்ளையின் சில வருஷ வாழ்க்கை. 'மகாராஜா'வும் ஒரு குழந்தைக்கு நடந்ததை மறைத்துவைத்துக் கடைசியில் காட்டுகிறது, 'கூழாங்கல்'லும் அதையேதான் செய்கிறது. முதலாவதில் நான் இருக்கையிலிருந்து துள்ளினேன். இரண்டாவதில் அந்தப் பையன் பக்கத்தில் போய் உட்காரவேண்டும் போல் இருந்தது. முதல் படத்தை மறுபடி பார்த்தபோது அந்தத் துள்ளல் வரவில்லை, அதை எப்படிச் செய்தார்கள் என்ற வியப்பு மட்டும் வந்தது. இரண்டாவதை மறுபடி பார்த்தபோது, வேலு கல்லை வாயில் போடும் இடத்திலேயே தொண்டை அடைத்துவிட்டது.

பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' பற்றியும் ஒரு வார்த்தை. 2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரிக்ஸ் வாங்கிய படம். முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்த விழாவின் முதன்மைப் போட்டிக்குப் போன இந்தியப் படம். மும்பையில் வேலை பார்க்கும் நர்ஸ் பிரபா, கனி குஸ்ருதி நடித்திருக்கிறார். கணவன் ஜெர்மனியில். பேச்சுவார்த்தையே அற்றுப்போன நிலையில், அங்கிருந்து ஒரு ரைஸ் குக்கர் வந்து சேர்கிறது. கடிதம் இல்லை, பெயரும் இல்லை. இரவில் தனியாக அவள் அந்தக் குக்கரைக் கட்டிக்கொள்கிறாள். அந்தக் கணவன் எப்படிப்பட்டவன், ஏன் பேசுவதை நிறுத்தினான் என்று விளக்கமாகச் சொல்லியிருந்தால் நாம் அவனைத் திட்டிவிட்டுப் போயிருப்போம். சொல்லாததால் பிரபாவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வினோத்ராஜிடமும் கபாடியாவிடமும் எனக்குப் பிடித்தது இதுதான். அவர்கள் மறைப்பது நம்மைத் தூக்கிவாரிப் போட அல்ல, ஒரு மனிதரை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கவைக்க.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது. மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். 'கூழாங்கல்' 2021இல் விருது வாங்கினாலும், நாம் பார்க்கக் கிடைத்தது 2023 அக்டோபரில், சோனி லிவ் தளத்தில். இங்கே பார்த்தவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அந்த அளவு திரையில் பொட்டல் வெளி தெரியும், அந்தக் கற்குவியல் சரியாகத் தெரியாது. ஒன்றேகால் மணி நேரப் படம்தான். இடைவேளை விடத் தேவையில்லை. முறையாக அனுமதி வாங்கி, இதே அரங்கில் பெரிய திரையில் போடுவோம். படம் முடிந்தவுடன் விளக்கைப் போட்டு யாரையும் பேச அழைக்கவேண்டாம். அதைப் பற்றிய விவாதத்தை மறுநாள் மாலை வைத்துக்கொள்வோம். 'மகாராஜா' பற்றி நான் சொன்னதை ஏற்காதவர்கள் அன்றைக்கு அவசியம் வாருங்கள், முதல் வாய்ப்பு உங்களுக்குத்தான். நன்றி, வணக்கம்.