ஃபுகுஷிமாவிலிருந்து ரயிலேறிய பெண்

வணக்கம். இன்றைக்கு அசாகோ தகாகுராவைப் பற்றிப் பேசப்போகிறேன். ஜப்பான் பெண்கள் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரான முதல் பெண் அவர். ஆனால் பதவியில் ஆரம்பித்தால் அவர் பிடிபட மாட்டார், ரயிலில் ஆரம்பிக்க வேண்டும்.

1968இல் ஃபுகுஷிமாவில் பிறந்து, பையன்களோடு பந்து உதைத்து வளர்ந்தவர். உயர்நிலைப் பள்ளி வயதில் ஆடுவதற்கு ஓர் அணி வேண்டுமே, அது டோக்கியோவில்தான் கிடைத்தது. நடுவில் 250 கிலோமீட்டருக்கு மேல். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பெண்ணை, விளையாட அவ்வளவு தூரம் அனுப்ப நம் வீட்டில் யாருக்கு மனசு வரும்? இந்தப் பெண் போனார். அந்த ரயிலை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருகிறேன்.

1984இல், 16 வயதில், தேசிய அணி. அப்புறம் 1991இல் சீனாவில் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை. ஜப்பான் மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றது. ஒரு கோல்கூட இல்லை, ஸ்வீடன் மட்டும் எட்டு அடித்தது. எட்டு! 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் மூன்று தோல்வி. 2011இல் ஜப்பான் உலகக் கோப்பை வென்றதை எல்லோரும் சொல்கிறார்கள், நான் இந்த எட்டைத்தான் சொல்லிக்கொண்டே இருப்பேன், ஏனென்றால் எட்டு வாங்கிய பிறகும் மறுநாள் பயிற்சிக்கு வந்து நின்றவர்களால்தான் 2011 என்று ஒன்று இருந்தது.

சரி, பயிற்சியாளர் தகாகுரா. 2014இல் கோஸ்டாரிகாவில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, இறுதியில் ஸ்பெயினை 2-0 என்று ஜெயித்தார்கள். ஹினா சுகிதா தொடரின் சிறந்த ஆட்டக்காரர், யுய் ஹசெகாவாவும் அந்த அணியில்தான். தகாகுரா ரயிலேறினாரே, ஏறக்குறைய அதே வயதுப் பெண்கள்! 2016இல் ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாமல் சோர்ந்திருந்த தேசிய அணி இவர் கைக்கு வந்தபோது, தான் வளர்த்த பெண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்தார். 2018 ஏப்ரல் 20, ஜோர்டான் தலைநகர் அம்மானில் ஆசியக் கோப்பை இறுதி. முந்தின நாள்தான் அவருக்கு 50 வயது முடிந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் பெனால்டியை கோல்கீப்பர் யமாஷிதா தடுத்தார், மாற்று ஆட்டக்காரராக இறங்கிய யோகோயாமா 84வது நிமிடத்தில் ஒரே கோல் அடித்தார், கோப்பை ஜப்பானுக்கு.

நேரம் ஆகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 உலகக் கோப்பை, பிரான்சின் ரென் நகரில் நெதர்லாந்தோடு ஆட்டம். 1-1 என்று இருக்கும்போது சுகிதா அடித்த பந்து கோல் கம்பத்தின் மேல்கட்டையில் பட்டுத் தெறித்தது, 90வது நிமிடத்தில் பெனால்டி, 2-1 தோல்வி. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் கால் இறுதியில் 3-1 என்று தோற்றது யாரிடம் தெரியுமா, அதே ஸ்வீடனிடம். அந்த ஒலிம்பிக்கோடு பதவி முடிந்தது. ரென்னில் ஹசெகாவா அடித்த அந்த ஒரு கோலை மட்டும் தேடிப் பாருங்கள். சக ஆட்டக்காரர் இவாபுச்சி தட்டிவிட்ட பந்தை வலது காலின் வெளிப்பக்கத்தால் மெல்லத் திருப்பிவிடுவார். வணக்கம்.