79 இலக்கமும் ஆறு எழுத்தும்

நேயர்களுக்கு வணக்கம்.

நொடிக்கு ஓர் இலக்கமாக யாராவது வாசித்துக்கொண்டே போனால், நம்மில் பெரும்பாலோருக்கு ஏழெட்டுக்கு மேல் திருப்பிச் சொல்ல வராது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எஸ்.எஃப். என்று குறிப்பிடப்பட்ட மாணவரும் ஏழில்தான் தொடங்கினார். சரியாகச் சொன்னால் அடுத்த வரிசையில் ஓர் இலக்கம் கூடும். தவறினால் ஒன்று குறையும். நாளுக்கு ஒரு மணி நேரம், வாரத்தில் சில நாள். 230 மணி நேரத்துக்கும் மேலான பயிற்சிக்குப் பின் 79 இலக்கத்தைத் தொட்டார். உளவியலாளர்கள் எரிக்சன், சேஸ் குழுவினர் 1980இல் இதை வெளியிட்டார்கள்.

எப்படி முடிந்தது? அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். 3, 4, 9, 2 என்று காதில் விழுந்ததும், ‘3 நிமிடம் 49.2 விநாடி, மைல் ஓட்டத்தில் உலக சாதனையை ஒட்டிய நேரம்’ என்று பிடித்துக்கொள்வார். நான்கு இலக்கமும் ஒரே கொத்து. ஓட்ட நேரமாகப் பொருந்தாத 893ஐ 89.3 வயதுக் கிழவராக்கினார். பிறகு கொத்துகளைச் சேர்த்துப் பெருங்கொத்தாக்கினார்.

இவ்வளவுக்கும், ஒரு கொத்தில் அவர் வைத்தது கடைசிவரை மூன்று நான்கு இலக்கம்தான். இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளை வாசித்தபோது, ஏறத்தாழ ஆறோடு நின்றுவிட்டார்! எனக்கு 79ஐவிட இந்த ஆறுதான் பெரிய செய்தி. நினைவின் கொள்ளளவு வளரவே இல்லை. புதிய இலக்கங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றில் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். வாய்ப்பாட்டில் தடுமாறும் பிள்ளையைப் பார்த்து ‘இவனுக்கு ஞாபகசக்தியே கிடையாது’ என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு மனம் வலிக்கிறது. அவனுக்கு எது நன்றாகத் தெரியும் என்று முதலில் கேளுங்கள்.

சரி, முன்னறிவே இல்லாதபோது முதல் கொத்து எங்கிருந்து வருகிறது? 1996இல் சாஃப்ரன், ஆஸ்லின், நியூபோர்ட் ஆகிய ஆய்வாளர்கள் எட்டு மாதக் குழந்தைகளுக்கு ஒரு செயற்கைப் பேச்சை ஒலிக்கவிட்டார்கள். மூன்று அசை கொண்ட, பொருளற்ற நான்கு சொற்கள். இடைவெளி இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை, இரண்டே நிமிடம். சொல்லுக்குள் ஓர் அசையை அடுத்து வருவது எப்போதும் ஒன்றே. சொல் முடிந்ததும் அடுத்த அசை மாறிக்கொண்டிருக்கும். இருந்த துப்பு அது ஒன்றுதான்.

பிறகு, ஒரு சொல்லின் வாலையும் அடுத்ததன் தலையையும் ஒட்டிய ஒலிகளைப் போட்டபோது, முழுச் சொற்களைவிட அவற்றுக்குக் குழந்தைகள் கூடுதல் நேரம் காதுகொடுத்தார்கள். அதே பேச்சில் கேட்ட ஒலிகள்தான். ஆனாலும் அவர்களுக்கு அவை புதியவையாகப் பட்டன; அதனால்தான் அவற்றைக் கூடுதல் நேரம் கேட்டார்கள். எந்தெந்த அசைகள் ஒன்றாகச் சேரும் என்பது அந்த இரண்டு நிமிடத்திலேயே அவர்களுக்குப் பிடிபட்டிருந்தது.

நன்றி, வணக்கம்.